உடும்புப் பிடி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட நினைத்திருப்பாய். கிழிக்காமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் படி. போனில் கூப்பிடலாம்தான். நான் ஹலோ சொல்வேன், நீ "என்ன?" என்பாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். நமக்குள் போன் ஒருநாளும் உருப்பட்டதில்லை. காகிதம் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாது.

உன் வீட்டுக்காரிதான் எனக்குச் சொன்னாள். அதற்காக அவளைத் திட்டாதே. பேப்பர் குடோனில் கிரேன் ஓட்டும்போது நீ ஸ்விட்சிலிருந்து விரலை எடுக்காமல் இருந்துவிட்டாய், ரோல் இறங்கிக்கொண்டே போய்க் கீழே நின்றவரின் காலை நசுக்கிவிட்டது, உன்னை வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாள். "தூங்கி வழிஞ்சிட்டாருன்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்கக்கா" என்று அழுதாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, மறைக்க மாட்டேன். தூங்குமூஞ்சி, வேறு என்ன செய்திருப்பான் என்றுதான் நினைத்தேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் இன்னொன்று சொன்னாள். "முழிச்சுதான் இருந்தாராம். கட்டைவிரல்தான் வரலையாம்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. உன் மாமாவே இன்றைக்கும் வெளியாட்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்றுதான் சொல்கிறார். எங்கள் இணையதளத்தில் மனித ஜீன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. வருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளையெல்லாம் படித்து, இந்த ஜீன் உடம்பில் என்ன செய்கிறது, கெட்டுப்போனால் என்ன நோய் வருகிறது என்று சில வரிகளில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் போட வேண்டும். எங்கள் அறையில் ஜன்னல் கிடையாது. ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரியிடம்கூடப் பேசாமல் நாள் முழுக்கப் படிக்கிறோம். மாலையில் வீட்டுக்கு வந்தால் பால் பாக்கெட்டில் இருக்கிற எழுத்தைக்கூடப் படிக்கப் பிடிப்பதில்லை.

இந்த மாதம் என் மேசைக்கு வந்திருப்பது டிஎம்பிகே என்ற ஜீன். அது செய்கிற புரதம் ஒரு கைனேஸ். அதாவது, மற்ற புரதங்கள் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, "நீ வேலையை ஆரம்பி, நீ நிறுத்து" என்று மேய்க்கிற வகை. தசையிலும் இதயத்திலும் நிறைய இருக்கும். இந்த ஜீனில் ஒரு கோளாறு வந்தால் மயோடானிக் டிஸ்ட்ரோபி என்று ஒரு நோய். கையை இறுக்கிப் பிடித்தால் உடனே திறக்க வராது, குளிரில் இன்னும் மோசம். முன்நெற்றி முடி சீக்கிரம் கொட்டும். சிரித்தாலும் முகம் சிரிக்காது. நடுவயதிலேயே கண்புரை வரலாம், ஆண்களுக்குக் குழந்தை இல்லாமல் போகலாம். பட்டப்பகலில் அடக்க முடியாத தூக்கம். இதயத்துடிப்பில் தடங்கல்.

அப்பாவை அவர் பட்டறையில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? உடும்பு. ஸ்பேனரைப் பிடித்தாலும் விடமாட்டார், கைகுலுக்கினாலும் விடமாட்டார். "பிடிச்சா உடும்புப் பிடிடா உங்கப்பனுக்கு" என்று ஊரே சிரிக்கும், நாமும் சேர்ந்து பெருமையாகச் சிரிப்போம். சாலையைத் தாண்டிவிடும்போது நம் கையைப் பிடிப்பாரே, தாண்டிய பிறகும் விடமாட்டாரே. பாசம் என்று நினைத்தோம். பாசமும்தான்.

உன் கை எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது. அதற்கு முன்னால் ஒரு ஈசிஜி எடு, ரத்தம் கொடு. அதுவரைக்கும் அந்தக் கிரேன் பக்கம் போகாதே.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கிற தெம்பு இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால், சித்தப்பா, அத்தை, பட்டறை ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது என்னைப் பார்த்து ஒன்று சொன்னாய். "இவன் தூங்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு." அதற்குப் பிறகு இப்போதுதான் உன்னிடமிருந்து கடிதம் வருகிறது. நலமா என்றுகூட இல்லை. எடுத்த எடுப்பில் ஜீன்.

விபத்தைப் பற்றிக் கேட்டாய், சொல்கிறேன். எங்கள் கிரேனுக்கு மேலே கேபின் எல்லாம் கிடையாது. கேபிளில் ஒரு ஸ்விட்ச் பெட்டி தொங்கும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு ரோலோடு கூடவே நடக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் இறங்கும், விரலை எடுத்தால் நிற்கும். அதற்குமேல் அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. "இதைக் குரங்குக்குக்கூடக் கத்துக்கொடுக்கலாம்" என்பார் சூப்பர்வைசர். எனக்குத்தான் விரல் எடுக்க வராது.

எப்போதும் வராமல் இல்லை. முதல் நாலைந்து தடவைதான் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கிரேனைத் தொடுவதற்கு முன்னால் சூடான டீ டம்ளரை வலது கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு கையை மூடித் திறந்து, மூடித் திறந்து, இளக்கிவிடுவேன். இளகிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் பிரச்சினை இல்லை. "அண்ணன் கிரேனுக்குக் கும்பிடு போடுறாரு" என்று பயல்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அன்றைக்கு லாரி சீக்கிரம் வந்துவிட்டது. டீயும் வரவில்லை, நேரமும் இல்லை. ஷட்டரைத் திறந்ததும் குடோன் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. முதல் ரோலைச் சில்லிட்ட கையோடு இறக்கினேன். கீழே, நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற பையன் நின்று ரோலைத் தள்ளிச் சரிசெய்துகொண்டிருந்தான். போதும் என்று கையைக் காட்டினான். எனக்குத் தெரிகிறது, நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, கட்டைவிரல் மட்டும் வரவில்லை. இடது கையால் அதைப் பிய்த்து எடுப்பதற்குள் அவன் கால் பெருவிரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "விடுண்ணே, இன்னும் ஒம்பது இருக்கு" என்கிறான். இரண்டு அறை கொடுத்திருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன்.

இப்போது உன் யோசனைக்கு வருகிறேன். தூக்கக் கலக்கத்தில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குத் தண்டனை கொஞ்ச நாள் வீட்டில் உட்காருவது, பிறகு அதே கிரேன். நோய் என்று ஒரு சீட்டு போனால் ஒரேயடியாக இறக்கிவிடுவார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளச் சொல்கிறாய். நான் உருப்படியாகச் செய்கிற வேலை வாழ்க்கையில் அது ஒன்றுதான் அக்கா. ரோலை முட்டை மாதிரி இறக்குவேன். என் கையில் போன ரோலில் ஓரம் மடங்கியது என்று ஒரு அச்சகத்துக்காரன் சொன்னதில்லை.

கவனக்குறைவு குணமாகும். நீ சொல்கிற நோய் குணமாகுமா? ஆகும் என்று எழுது, நாளைக்கே டெஸ்டுக்குப் போகிறேன்.

தம்பி

*

மார்ச் 2

தம்பிக்கு,

குணமாகாது. எனக்குப் பொய் எழுத வராது, உனக்கும் அது தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டிருக்கிறாய்.

ஆனால் அதோடு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. எத்தனை முறை எழுதினாலும் நீ குணமாகுமா என்ற ஒரே கேள்வியில்தான் நிற்பாய், அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கைனேஸ் மேல் பெரிய தப்பில்லை. உண்மையில் அது தசைக்குள் முழுதாக என்ன செய்கிறது என்பதே இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. இத்தனை வருஷம் படித்தும் "பங்கு வகிக்கலாம்" என்றுதான் எழுத முடிகிறது. தப்பு அந்த ஜீனின் வாலில் இருக்கிறது. புரதத்துக்கான செய்தி முடிந்த பிறகு வருகிற பகுதியில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் வரும், முப்பது முப்பத்தைந்து தடவைக்குள் இருக்கும். ஐம்பதைத் தாண்டினால் நோய். சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். அப்படி நீண்டுபோன செய்தி செல்லுக்குள் சுருண்டு கிடந்து, வேறு வேலைக்குப் போகிற புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவை வராததால் தசையில் ஒரு கோளாறு, கண்ணில் ஒன்று, இதயத்தில் ஒன்று. ஒரே ஜீனுக்கு இத்தனை நோய் எப்படி என்றால் இப்படித்தான்.

அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலைமுறை இறங்க இறங்க அந்த நீளம் கூடும், நோய் சீக்கிரம் வரும். அப்பாவுக்கு ஐம்பதில் இருந்த அளவு உனக்கு முப்பதுகளிலேயே வந்திருக்கிறது.

கை திறக்காததால் யாரும் சாவதில்லை. இதயம்தான். துடிக்கச் சொல்கிற மின்சாரம் வழியில் நின்றுவிடும். முன்னால் எந்த அறிகுறியும் தெரியாமலே நிற்கலாம். அதை ஈசிஜியில் பார்க்க முடியும், பேஸ்மேக்கர் வைத்துத் தடுக்க முடியும். தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே அப்பாவை, ரத்த அழுத்தம் என்றார்களே, அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். உன் நோயைக் குணமாக்க முடியாது. உன்னைச் சாகாமல் வைத்திருக்க முடியும். இரண்டும் வேறு வேறு.

கிரேன் போனால் போகட்டும். ஓரம் மடங்காத ரோலை நினைத்து நான் உனக்காக அழப்போவதில்லை.

இந்தப் பக்கத்தை முதன்முதலில் எழுதியதே நான்தான். அப்பா காரியம் முடிந்து திரும்பி வந்ததும் எடுத்த வேலை அது. இப்போது புதிய கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லி என்னிடமே திரும்ப வந்திருக்கிறது. அதனால் நான் அரைகுறையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

போ. ஈசிஜி எடு. காகிதத்தில் கெஞ்சுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, கெஞ்சியதாக வைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நடுவில் தூங்கிவிட்டேன். இதையும் உன் பக்கத்தில் சேர்த்துக்கொள்.

அப்பா காரியம் முடிந்த கையோடு அந்தப் பக்கத்தை எழுதினேன் என்கிறாய். அப்படியென்றால், பகலில் தூக்கம் வரும், கை திறக்காது, இதயம் நிற்கும் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். என்னை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துப் பேசிவிட்டு, போய் உட்கார்ந்து, என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். எழுதி முடித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடவில்லை. ஆறு வருஷம் கழித்து நெட்டை காலைக் கொடுத்த பிறகு வருகிறாய். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். எனக்கு வேறொன்று பொறுக்கவில்லை. அன்று மதியம் அந்த வார்டில் தூங்கியது நான். ஜன்னல் வழியாக வெயில் என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா பேசிக்கொண்டிருந்தார். பட்டறையில் ஒரு வண்டி பாதியில் நிற்கிறது, கியர் பெட்டியைக் கழற்றி வைத்தது வைத்தபடி கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நர்ஸ் தோளைத் தட்டி, "உங்க அப்பாவைப் பாருங்க" என்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டாரா என்றுகூடத் தெரியாது. ஆறு வருஷமாக அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை அக்கா. இப்போது நீ வந்து, அது உன் தப்பில்லை, ஜீனின் வால் செய்தது, எழுந்து போ என்கிறாய். எங்கே போவது?

தப்பு என்னுடையது என்றால் அதையாவது பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

உன் முதல் கடிதத்தை இவளும் படித்தாள். ஆண்களுக்குக் குழந்தை இல்லாமல் போகலாம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அந்த வரியில் விரலை வைத்து, "இது அதுதானா?" என்று கேட்டாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க சொந்தக்காரங்க இத்தனை வருஷமா ஏன் குழந்தை இல்லைன்னு என்னைத்தானே கேட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. அதிலிருந்து தினமும் காலையில் "இன்னைக்காவது டெஸ்டுக்குப் போலாமா?" என்கிறாள். அவளும் உன் கட்சி.

போகவில்லை. திங்கட்கிழமை கிரேனுக்குத் திரும்பச் சொல்லி ஆள் வந்தது. திரும்புகிறேன்.

தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

நீ கேட்டதற்குப் பதில்.

அந்தப் பக்கத்தில் அப்பா இல்லை. நீயும் இல்லை. "நோயாளிகள்" என்று யாரோ இருந்தார்கள். "பகல்நேர மிகைத்தூக்கம் காணப்படுகிறது" என்று எழுதினேன். தூங்குமூஞ்சி என்று ஏதாவது ஒரு கட்டுரையில் போட்டிருந்தால் அந்த நிமிஷமே உன்னைத் தெரிந்திருக்கும். "பிடி தளர்வதில் தாமதம்" என்று எழுதினேன். உடும்பு என்று யாரும் எழுதவில்லை. நான் வேலையில் நல்ல பெயர் வாங்கியதே அந்த மாதிரி எழுதித்தான். எந்த வரியிலும் ஒரு மனிதரின் வாடை வந்துவிடக்கூடாது.

இப்போதும் உன் வீட்டுக்காரி கட்டைவிரல் என்று சொல்லியிராவிட்டால் அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்பிவிட்டு அடுத்த ஜீனை எடுத்திருப்பேன்.

அப்பா கூப்பிட்டாரா என்று கேட்கிறாய். அந்த மாதிரி நிற்கும்போது கூப்பிட நேரம் இருக்காது. இதை உன்னைத் தேற்றுவதற்காக எழுதவில்லை, இதற்கும் ஆதாரம் இருக்கிறது. நீ முழித்துக்கொண்டிருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய்.

அன்றைக்கு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எழுதுகிறேன் என்று நினைக்காதே. வாங்கிக்கொள்ள முடியாதது என்று எனக்கே தெரியும். நீ என்னை மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி, உன் இதயத்துக்கு அதெல்லாம் தெரியாது. கோபத்தோடேயே போய் ஈசிஜி எடு. கோபமாக இருக்கிறவனுக்கு எடுக்கமாட்டோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. முழுதாகப் படி.

சொன்னபடி கிரேனுக்குத் திரும்பினேன். டீ குடித்தேன், கையை இளக்கினேன், எல்லாம் செய்தேன். முதல் ரோலைத் தூக்கிக்கொண்டு போனால் கீழே நெட்டை நிற்கிறான். கட்டுப் போட்ட காலோடு, செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு, அதே இடத்தில். வேறு ஆள் போடக்கூடாதா என்று சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவனே கேட்டு வந்தானாம். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "இறக்குண்ணே" என்றான்.

அவன் பாட்டுக்கு நம்பி நிற்கிறான் அக்கா. எனக்கு அமுக்க வரவில்லை. இந்தத் தடவை விரல் நன்றாகத்தான் இருந்தது, மனசுதான் வரவில்லை. ரோலைத் தொங்கவிட்டபடியே ஸ்விட்ச் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். "எனக்குக் கை வராது சார், ரொம்ப நாளா வராது, மறைச்சிட்டேன்" என்றேன். சூப்பர்வைசர் என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் உட்கார்ந்தேன். "தூக்கம்னு எழுதியிருக்கிறதை மட்டும் அடிச்சிடுங்க சார்" என்று கேட்டேன். அடித்தார். நான் பார்க்கும்படி அடித்தார்.

டாக்டரம்மா சின்னப் பெண். உள்ளே போனதும் கை கொடுத்தார். மரியாதைக்கு என்று நினைத்து நானும் கொடுத்தேன், பிறகுதான் தெரிந்தது அதுதான் டெஸ்டே. விடுங்க என்கிறார், என் கை மெதுவாக, ஒவ்வொரு விரலாகத்தான் வருகிறது. வழக்கம்போல ஜோக் அடித்துச் சமாளிக்கப் பார்த்தேன். "பரவாயில்ல, மெதுவா வரட்டும்" என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் சின்னச் சுத்தியால் கட்டைவிரல் அடிச்சதையில் ஒரு தட்டு. விரல் தானாக உள்ளே மடங்கி, எந்த அவசரமும் இல்லாமல் திரும்பி வந்தது. நம் அப்பா பட்டறையிலிருந்து வீடு திரும்புகிற மாதிரி.

ஈசிஜியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள். இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் யாராவது திடீரென்று போயிருக்கிறார்களா என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீங்க கேட் வரைக்கும் நடந்து வந்ததே பெரிய விஷயம்" என்றார். ரத்த டெஸ்டும் வந்துவிட்டது. அதேதான். உன் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது.

கிரேன் போய்விட்டது. இனிமேல் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவேனே என்றால், இப்போது அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாதி நேரம் வேலை செய்கிறது. உள்ளே ரோல் இறங்குகிற சத்தம் கேட்கும்போது ஒரு மாதிரியாக இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் நீ அழப்போவதில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாய்.

இவள் ஒருநாள் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நம் அத்தை வீட்டுக்குப் போனாள். என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

இப்போது என் கேள்வி. நீயும் உடும்பின் பிள்ளைதானே? பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி என்று நீதான் எழுதினாய். போன வருஷம் நாற்பத்தேழு வயதில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டது யார்? இவளிடம்தான் சொன்னாயாம். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து வந்ததென்று. அதற்கு ஆதாரம் இருக்கிறதா? ஊருக்குத்தான் உபதேசமா?

உன் மகள் பாப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளை நான் தோளில் தூக்கி வைத்து வளர்த்திருக்கிறேன். அவளுக்காகவும்தான் கேட்கிறேன்.

தம்பி

*

மே 27

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ பிழைத்ததற்கு அழுதேன். கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விக்கும் சேர்த்துத்தான்.

கண்புரை வந்தபோதே எனக்குத் தெரியும். தெரியும் என்பது சரியில்லை, தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். டிஎம்பிகே பக்கம் திரும்ப வந்தபோது அந்த வரியை வேகமாகத் தாண்டினேன். உனக்கு எழுதின முதல் கடிதத்தில் கண்புரையைக் குழந்தையின்மையோடு சேர்த்து ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன், எடுத்துப் பார்.

உன் கடிதத்துக்குப் பிறகு போய் ரத்தம் கொடுத்தேன். உன் மாமாவுக்குச் சொல்லவில்லை. வேலையிலும் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். அதில் நான் சேர்த்த வரிகளில் ஒன்று, தாய் வழியாகப் போகும்போதுதான் பிறக்கும் குழந்தைக்கே கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம் என்பது. பிறந்த குழந்தை துவண்டு கிடக்கும், பால் உறிஞ்ச வராது, சிலதுக்கு மூச்சுவிடவே வராது. அதற்கு மட்டும் பதினொரு கட்டுரை படித்தேன். எப்போதும்போல மனித வாடை இல்லாமல் எழுதிவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பாப்பா ஞாயிற்றுக்கிழமை பேசினாள். "இந்த வருஷம் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்மா" என்றாள். "நல்லது" என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கு இல்லை என்றால் அவளுக்கு இல்லை, அதோடு முடிந்தது. எனக்கு இருந்தால் நான் அவளை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுகூடப் பயன்படாது.

ரிப்போர்ட் வந்துவிட்டது தம்பி. உறை என் கைப்பையில் இருக்கிறது. தினமும் அதை வேலைக்கு எடுத்துப் போகிறேன், திரும்ப எடுத்து வருகிறேன். உன்னை அத்தனை விரட்டினேன், எனக்கு ஒரு உறையைப் பிரிக்க முடியவில்லை. களைப்பாக இருக்கிறது. நான் உனக்கு எழுதின மாதிரி நீயும் எனக்கு நாலு வரி கடுமையாக எழுது. பிரித்துவிடுகிறேன்.

அக்கா

*

ஜூன் 3

அக்காவுக்கு,

கடுமையாக எழுத வரவில்லை.

பிரிக்காதே. சனிக்கிழமை மதியம் வருகிறேன். இவளும் வருகிறாள். மாமாவிடம் அன்று காலையிலேயே சொல்லிவிடு. அவர் கோபப்படமாட்டார், பட்டால் என்மேல் படட்டும். இருக்கிறது என்று வந்தால் பாப்பாவிடம் நான் சொல்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும். எனக்கு ஆதாரம் எதுவும் மனப்பாடம் இல்லை, ஆனால் அவள் என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்பாள். என் தோளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். மாமன் இருக்கிறானா, இருக்கிறான், அதுபோல நீயும் இருப்பாய், பிறக்கப்போகிற குழந்தைக்கும் முன்கூட்டியே பார்க்க வழி உண்டாம் என்பேன். டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

பேருந்தில் அத்தனை தூரம் வந்து, சாப்பிட்டுவிட்டு உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும். மாத்திரை போட்டாலும் வரும். நீ உறையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடலாம்.

தூங்கிவிட்டால் எழுப்பு அக்கா.

தம்பி